மாயாவியும் சாணித்தாளும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எப்படித் தாங்குகிறது

நாற்பது வருடம் ஆன ஒரு மாயாவி காமிக்ஸ் இதழை நடுவில் விரித்துப் பார்த்தால் தாள் ஓரளவு வெளுப்பாகவே இருக்கும். ஓரத்துக்கு வர வர வறுத்த உளுந்தின் நிறம். விளிம்பில் வெல்லப்பாகு நிறம், தொட்டால் உதிரும். இந்த இரண்டு மாவட்டத்திலும் பரணில் இருந்தும் பீரோவுக்கு அடியில் இருந்தும் வெளியே வரும் இதழ்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். ஆனால் திருத்தவே முடியாமல் போன பிரதிகளைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வெயிலும் பூச்சியும் கெடுத்ததைவிட, காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த வேலை கெடுத்தது அதிகம். செல்லோடேப், காலிகோத் துணி ஒட்டிய பைண்டிங், லேமினேஷன், அந்துருண்டை ஆகிய நான்கும் முன்வரிசையில் நிற்கின்றன.

முதலில் எதைச் சேர்க்கிறோம் என்று பார்க்கலாம். முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியில் இருந்து தொடங்கியது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962-இல் பிறந்த லூயி கிராண்டேல்தான் அவர். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல, இவர் வேறு பிரிட்டிஷ் நாயகன்) இரும்பு மனிதன் ஆர்ச்சியும் லயன் வழியாகவே நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தொங்கினார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1964 முதல் 1990 வரை, டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸை வெளியிட்டது. 1936-இல் லீ ஃபாக் உருவாக்கிய வேதாளர் (ஃபேண்டம்) வண்ணத்தில் வந்தது அதில்தான். நான்காவது வகை அமெரிக்க மார்வெல், டிசி இதழ்கள். ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு என்பதால், அங்குள்ள பழைய புத்தகக் கடைகளில் இருந்து இவை இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. இந்த நான்கு வகைக்கும் பொதுவானது ஒன்று: உள்தாள் மலிவான நியூஸ்பிரிண்ட், நம் பேச்சில் சாணித்தாள்.

சாணித்தாளில், மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகி அமிலத்தை உண்டாக்கும். அமிலம் நாரை அறுக்கும். காற்று ஓரத்தில் இருந்து நுழைவதால் ஓரம் முதலில் பழுக்கிறது. இது நிற்காது, வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும். ஐந்தாறு டிகிரி வெப்பம் குறைந்தால் சிதைவின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது காப்பகங்களில் சொல்லும் கணக்கு. அதனால்தான் ஊத்தங்கரை, அரூர்ப் பக்கம் தகர ஷீட்டின் கீழ் இருந்த பிரதிக்கும், தேன்கனிக்கோட்டையில் ஓட்டு வீட்டுக்குள் இருந்த அதே மாத இதழுக்கும் நிறத்தில் அவ்வளவு வித்தியாசம். ஓசூர்ப் பக்கத்துக் குளிர் தாளுக்கு நல்லது. அங்கே கவலை மழைக்கால ஈரம்தான்.

செல்லோடேப்பை முதலில் பேசிவிடலாம். ஒட்டிய அன்று கண்ணாடிபோல் தெரியும். சில வருடங்களில் பசை எண்ணெயாக இளகி தாளுக்குள் இறங்கும். அப்புறம் பிளாஸ்டிக் பட்டை மட்டும் காய்ந்து தானாகக் கழன்று விழ, பழுப்புக் கோடு நிரந்தரமாக நிற்கும். அந்தக் கோடு அடுத்த பக்கத்துக்கும் பதியும். கிழிந்த இடத்தை ஒட்டியே தீர வேண்டும் என்றால் ஜப்பானியக் கோசோ டிஷ்யூ, அதாவது மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய தாள், வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 6 முதல் 9 கிராம் எடையுள்ளது இந்தத் தாளுக்குப் போதும். கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரம் பிசிறாக வந்து தாளோடு இழையும். பசைக்கு மெத்தில் செல்லுலோஸ் 4 கிராம், தண்ணீர் 100 மில்லி. பாதித் தண்ணீரைச் சூடாக்கி, பொடியைத் தூவிக் கலக்கி, மீதியைக் குளிர்ந்த நீராக ஊற்றி, ஒரு இரவு ஊறவிட வேண்டும். பசை கெட்டித் தயிர்போல் இருக்கட்டும். நீர்த்துப் போனால் சாணித்தாளில் தண்ணீர் பரவிய எல்லையில் பழுப்பு வளையம் விழும், அதை எடுக்கவே முடியாது. ஒட்டியபின் மேலும் கீழும் பிளாட்டிங் பேப்பர் வைத்து, ஒரு கனமான புத்தகத்தை மேலே ஏற்றி, இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை வேண்டாம். காய்ந்தபின் பிரிக்க வராது, ஒட்டிய இடம் விறைத்து அதன் பக்கத்திலேயே தாள் புதிதாக ஒடியும்.

பைண்டிங்தான் இந்தப் பகுதியில் மிகப் பெரிய சேதம் செய்திருக்கிறது. இருபது, இருபத்தைந்து இதழ்களைச் சேர்த்துத் தடியாகக் காலிகோ போட்டு வைப்பது ஒரு காலத்தில் அக்கறையின் அடையாளம். வாடகை நூலகங்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் பைண்டர் செய்வது என்ன? முதலில் இதழின் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்குவார். முதுகில் இருந்து கால் அங்குலம் உள்ளே பக்கவாட்டில் துளையிட்டுத் தைப்பார். பிறகு மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்து ஓரத்தைச் சமமாக்குவார். பிரிட்டிஷ் வார இதழின் பெரிய பக்கத்துக்கு வரைந்த கட்டங்கள் கையடக்க அளவுக்குச் சுருங்கி வந்த தமிழ் இதழில் ஓரத்தில் மிச்சம் என்று அதிகம் இருக்காது. அதனால் தையல் உள்பக்க வசனத்தை விழுங்கும். கத்தி வெளிப்பக்கப் பலூனின் கடைசி எழுத்துகளை வெட்டும். அட்டையில் விலையும் இதழ் எண்ணும் ஓரத்தில் இருந்தால் அவையும் போய்விடும். இதோடு முடியவில்லை. பூச்சி வராமல் இருக்கப் பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலப்பது நம் ஊர்ப் பழக்கம். துத்தம் என்பது தாமிர சல்பேட். தாமிரம் தாள் சிதைவதை வேகப்படுத்தும். பழைய பைண்ட் தொகுப்புகளில் முதுகை ஒட்டிய பகுதி மட்டும் தனியாகக் கருத்து ஒடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே பைண்ட் ஆன தொகுப்பு கையில் வந்தால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். தாள் மடங்கும் நிலையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஏற்கெனவே உதிர்ந்த ஒரு சிறு துண்டை எடுத்து மெதுவாக மடித்துப் பாருங்கள். ஒரே மடிப்பில் முறிந்தால் தொகுப்பை அப்படியே விட்டுவிடுவது நல்லது. பிரித்தால் நூல் துளை வரிசையிலேயே ஒவ்வொரு தாளும் கிழியும்.

லேமினேஷன் பற்றி ஒரே வரி: சூடாக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க வழியே இல்லை, உள்ளே இருக்கும் அமிலமும் உள்ளேயே இருக்கும்.

இனி உறைகள். பாத்திரக்கடை, பிளாஸ்டிக் கடை, ஸ்டேஷனரி என்று கிடைத்ததை எல்லாம் இருபது முப்பது வருடமாகப் போட்டுப் பார்த்த சேகரிப்புகள் இந்தப் பகுதியில் உண்டு. அவற்றில் தெரிவது இது. பிவிசி உறை, அதாவது ரேஷன் கார்டு கவர் மாதிரி மெத்தென்று, மழைக்கோட்டு வாடையோடு இருப்பது, மிக மோசமானது. அதில் இருந்து கசியும் எண்ணெய் அட்டையின் மையைக் கரைத்து உறையோடு ஒட்டவைக்கும். வெளியே எடுக்கும்போது வேதாளரின் முகம் உறையோடு வந்துவிடும். சாதாரண பாலித்தீன் கவர் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் ஐந்தாறு வருடத்தில் மஞ்சளித்து, சுருங்கி, உள்ளே இருக்கும் இதழை வளைக்கும். பாலிபுரொப்பிலீன், கடையில் பிபி கவர் என்று கேட்டால் தருவது, சட்டை பொதிய வருகிறதே அந்த மொறமொறப்பான கவர், விலைக்கு நிறைவான தேர்வு. எட்டுப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒட்டும் மடிப்பு உள்ள கவரில் மட்டும் கவனம் வேண்டும்: இதழை எடுக்கும்போது அந்தப் பசைப்பட்டை அட்டையில் பட்டு மேல்தோலை உரித்துவிடும். மடிப்பைக் கத்தரித்துவிட்டு, வாயைப் பின்பக்கமாக மடித்து வைப்பதே பாதுகாப்பு. மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறை எல்லாவற்றிலும் சிறந்தது, பல பத்தாண்டுகள் மாறாது. விலை அதிகம் என்பதால் முதல் இதழ்கள், அரிய சிறப்பிதழ்கள் ஆகியவற்றுக்கு மட்டும் போடுகிறார்கள். அது நியாயமான முடிவு.

கவர் எந்த வகை என்று சந்தேகம் வந்தால், கவர்கள் வந்த கட்டின் மேல் முக்கோணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 1 பாலியஸ்டர், 2 அல்லது 4 பாலித்தீன், 3 என்றால் பிவிசி. குறியே இல்லாவிட்டால் ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, கவரின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது என்று பொருள், அந்தக் கவர் வேண்டாம். இதை வாசலில் வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல.

அமெரிக்க இதழ்களுக்கு அளவு தயாராகக் கிடைக்கும்: 1960-களின் இதழுக்கு 7⅛ அங்குல அகலம், 1940-களுக்கு 7¾, இப்போதைய இதழ்களுக்கு 6⅞. உயரம் மூன்றுக்கும் 10½. தமிழ் இதழ்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரே வெளியீட்டிலேயே ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கிறது. இதழை அளந்து, அகலத்தில் கால் அங்குலம், உயரத்தில் ஒரு அங்குலம் கூடுதலாக உள்ள கவரைத் தேடுங்கள். இறுக்கமான கவரில் திணித்தால் அட்டையின் மூலைகள் ஒவ்வொரு முறையும் மடியும். பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும், கால்சியம் கார்பனேட் கலந்தது என்றால் இன்னும் நல்லது. வேட்டி, சட்டைப் பெட்டியின் சாம்பல் நிற அட்டையை வெட்டி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அதில் அமிலம் சாணித்தாளைவிட அதிகம். சில வருடம் கழித்துப் பின்னட்டையில் அதே அளவில் பழுப்புச் சதுரம் விழுந்திருக்கும்.

ஸ்டேப்ளர் பின் துருப்பிடிப்பது தவிர்க்க முடியாதது. துரு முதலில் நடுப்பக்கத்தில் இரண்டு புள்ளிகளாகத் தெரியும். பிறகு அந்த இடம் ஓட்டையாகி, நடுத்தாள் கழன்று விழும். லேசான துரு என்றால் தொடாமல் ஈரத்தை மட்டும் கட்டுப்படுத்துங்கள். தாளைத் தின்னத் தொடங்கிவிட்டது என்றால் எடுத்துவிட வேண்டும். நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மழுங்கிய கத்தி முனையால் ஒவ்வொரு காலையும் நேராக நிமிர்த்துங்கள். பிறகு முதுகுப் பக்கம் இருந்து அதை வெளியே தள்ளி எடுங்கள். நகத்தால் பிடுங்கினால் துளை கிழிந்து முதுகு பிளக்கும். திரும்பக் கோக்க வெள்ளைப் பருத்தி நூல் போதும், பழைய துளைகள் வழியாகவே, இறுக்காமல். அமெரிக்க இதழில் மட்டும் இதைச் செய்யும் முன் யோசியுங்கள். தர மதிப்பீட்டில் பின் மாற்றியது தெரிந்தால் விலை குறையும். 0.5 முதல் 10 வரை போகும் அந்த அளவுகோலில் துருப்பிடித்த அசல் பின்னே மேல் என்று நினைக்கும் வாங்குபவர்கள் நிறைய.

எங்கே வைப்பது? பரண் வேண்டாம். கூரைக்கு அடுத்த இடம்தான் வீட்டிலேயே அதிகச் சூடு. அதோடு நம் வீட்டுப் பரணில் கேழ்வரகு மூட்டையும் புளிப்பானையும் இருக்கும். கேழ்வரகுக்கு எலி வரும், வந்த எலி தாளைக் குதறிக் கூடு கட்டும். புளி ஈரத்தை இழுக்கும். கிருஷ்ணகிரியில் மாம்பழப் பெட்டி எளிதாகக் கிடைக்கிறது என்று அதில் அடுக்குபவர்கள் அதிகம். அட்டையில் படிந்த பழச்சாறு எறும்பையும் கரப்பானையும் கூப்பிடும். வைக்கோல் தூசி இருந்தால் பூச்சி முட்டையும் கூடவே வரும். இரும்பு பீரோ பரவாயில்லை. ஆனால் மேற்குச் சுவரை ஒட்டி நிற்கக் கூடாது, சித்திரையில் அந்தச் சுவர் இரவு பத்து மணி வரை சுடும். உள்சுவர் ஓரம், சுவரில் இருந்து நான்கு விரற்கடை தள்ளி, தரையில் இருந்து அரை அடி உயரத்தில் இருந்தால் செல் (கரையான்) ஏறினாலும் மண்கோடு கண்ணில் படும். கிரானைட் அறுக்கும் பட்டறைகள் பக்கத்தில் உள்ள வீடுகளில் இன்னொரு தொல்லை. அந்தத் தூசி அரம்போல, துணியால் துடைத்தால் அட்டையின் மினுமினுப்பில் கீறல் விழும். மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள்.

மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதானால் எப்போது மூடுகிறோம் என்பது முக்கியம். ஆவணி முதல் ஐப்பசி வரை மழை மாதங்களில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறோம். மாசி, பங்குனியில், இரண்டு மூன்று நாள் மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டபின் மூடுங்கள். 40 லிட்டர் டப்பாவுக்கு 150 முதல் 200 கிராம் சிலிக்கா ஜெல், தாளில் படாமல் துணிப்பையில். நிறம் மாறியதும் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும், வெயிலில் காயவைப்பது போதாது. நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் உடலுக்குக் கெடுதலான கோபால்ட் இருப்பதால், ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள். ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரை உள்ளே போட்டுவையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் 55-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை. 30-க்குக் கீழே போனால் தாள் இன்னும் மொறுமொறுப்பாகும் என்பதால் ஜெல்லை அள்ளிக் கொட்டவும் வேண்டாம்.

இராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவது வழக்கம். அதன் ஆவி பிளாஸ்டிக் உறையை இளக்குகிறது, வாடை தாளில் ஏறினால் வருடக்கணக்கில் போகாது, மூச்சுக்கும் கெடுதல். வேப்பிலையை நன்றாகக் காயாமல் வைத்தால் பச்சைக் கறை. ஓலைச்சுவடிக்கு வைத்ததுபோல் வசம்பைத் துணியில் முடிந்து டப்பாவின் மூலையில் வைக்கலாம், ஓரளவு உதவும். ஏற்கெனவே பூச்சி இருக்கும் இதழ் என்றால் உறைவிப்பான்தான் உறுதியான வழி: காற்று போகாத கவரில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்த உடனே கட்டைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுதும் வெளியில் விடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த அட்டையில் நீர் பூக்கும்.

மழையில் நனைந்த இதழை வெயிலில் விரிப்பது இன்னொரு பழக்கம். அலையலையாக நெளிந்து, மஞ்சளும் சிவப்பும் வெளுத்துப் போகும். நிழலில், ஐந்து பக்கத்துக்கு ஒன்றாகப் பிளாட்டிங் பேப்பர் செருகி, மணிக்கொருமுறை மாற்றுங்கள். 2012-க்குப் பிறகு வந்த லயன், முத்து ஆர்ட் பேப்பர் இதழ்களுக்கு இந்த நிதானம் கூடாது. பூச்சுத் தாள் ஈரத்தோடு காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உடனே ஒவ்வொரு பக்கமாகப் பிரிக்க நேரமில்லை என்றால், கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டுப் பிறகு நிதானமாகக் கையாளலாம்.

வாங்கும்போது பக்கத்தை எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள். சாதாரண அமெரிக்க இதழில் உள்ளே 32 பக்கம், அட்டையோடு 36. நடுத்தாள் ஒன்று போனால் நான்கு பக்கம் போகும், கதை தெரியாதவருக்கு அது தெரியாது. 1974 முதல் 1976 வரை வந்த மார்வெல் இதழ்களில் வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெட்டி ஒட்டச் சொல்லி ஸ்டாம்ப் கொடுத்த காலம் அது. வால்வரின் முழுமையாக முதன்முதலில் தோன்றிய ஹல்க் 181-ஆம் இதழில் அந்த ஸ்டாம்ப் இல்லாத பிரதிகள் நிறைய, விலையும் பாதாளத்துக்குப் போகும். அட்டை கிழிந்து தேதி தெரியாவிட்டாலும் விலை காட்டிக்கொடுக்கும்: 10 சென்ட் என்றால் 1961-க்குள், 12 என்றால் 1969 வரை, 15 என்றால் அதற்கடுத்த இரண்டு வருடம். பென்ஸ் விலை அச்சான பிரதிகள் பிரிட்டனில் விற்க அச்சிட்டவை. அட்டையில் உள்ள மாதம் விற்பனைக்கு வந்த மாதத்தைவிட இரண்டு மாதம் பிந்தியதாக இருக்கும். சூப்பர்மேன் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் ஜூன் 1938 என்று இருந்தாலும் அது ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டது.

தமிழ் இதழில் பார்க்க வேண்டியது வேறு. மாயாவி, ஸ்பைடர் கதைகள் பலமுறை மறுபதிப்பு வந்திருப்பதால் அட்டைப்படத்தை நம்பக் கூடாது. உள்ளே அச்சான வருடம், விலை, விளம்பரங்கள் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அட்டை நகலெடுத்து ஒட்டியது என்றால் ஸ்டேப்ளர் பின் குத்திய துளைகளைச் சுற்றி அட்டையில் துருத்தடம் இருக்காது, உள்தாளில் மட்டும் இருக்கும். குறுக்கெழுத்து, வண்ணம் தீட்டும் போட்டி, கூப்பன் இருந்த பக்கங்கள் வெட்டப்பட்டிருக்கும். வெட்டிய பக்கத்தின் மறுபுறம் கதையின் கடைசிக் கட்டம் இருந்திருந்தால் அதுவும் இல்லை. வாசிக்க மட்டும் வேண்டும் என்றால் மறுபதிப்பே மேல். அச்சு தெளிவு, தாள் தாங்கும், குழந்தை கையில் தயங்காமல் கொடுக்கலாம். பழைய பிரதிக்கு உள்ள தனி மதிப்பு அந்தக் காலத்து எழுத்துரு, மொழிநடை, கடிதப் பக்கம், விளம்பரம் ஆகியவற்றில் இருக்கிறது. அவை மறுபதிப்பில் வருவதில்லை.

பழைய இதழைப் படிக்கக் கூடாது என்று பூட்டி வைப்பதில் உடன்பாடு இல்லை. கையைக் கழுவித் துடைத்து, மேசையில் வைத்து, முழுக்க விரிக்காமல் ஒரு சாய்ந்த நோட்டின் மேல் பாதி திறந்த கதவுபோல் விரித்துப் படித்தால் முதுகு தாங்கும். பக்கத்தைத் திருப்புவது மேல் மூலையில் இருந்து, எச்சில் தொடாமல். ஒருமுறை 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்துச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டால் அடிக்கடி எடுக்கும் தேவையும் குறையும். ஸ்கேனர் மூடியை அழுத்தாதீர்கள். மேலே ஒரு கறுப்புத் துணி போட்டால் போதும்.

கடைசியாக ஒரு வேலை, பெரும்பாலோர் செய்யாதது. டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது, எந்த வருடத்தவை, எடைக்குப் போடக் கூடாது, யாரைக் கேட்க வேண்டும் என்று வீட்டில் உள்ளவர்கள் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போகும் தொகுப்புகள் பெரும்பாலும் சேர்த்தவர் இல்லாதபோதுதான் போகின்றன. வாரிசுக்கு ஆர்வம் இல்லை என்றால் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்களையும் அதில் குறித்து வையுங்கள்: சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை தமிழ் அச்சைப் பாதுகாக்கும் வேலையைச் செய்கின்றன. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவும்.